சாக்லேட் கனாஷ்: மதுரை வெயிலில் கேக் செய்கிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

மதுரையில் வீட்டிலிருந்தே கேக் செய்து கொடுக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் நாலைந்து பேருக்குச் சொல்லியும் கொடுக்கிறேன். வாட்ஸ்அப்பில் எனக்கு வரும் கேள்விகளில் பாதி கனாஷைப் பற்றித்தான். சித்திரை பிறந்துவிட்டால் போதும், "அக்கா, கனாஷ் வழியுது" என்று ஃபோட்டோவோடு வந்து நிற்கும். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் தட்டித் தட்டிக் கை வலித்துப்போனதால், எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதி வைத்துவிட்டேன்.

கனாஷ் என்றால் என்ன? சாக்லேட் சாஸும் இதுவும் ஒன்றுதானா?

சூடான கிரீமில் சாக்லேட்டைக் கரைத்தால் கனாஷ். பொருள் இரண்டே இரண்டுதான். சூடாக இருக்கும்போது சாஸ் மாதிரி ஓடும். கொஞ்சம் ஆறினால் கேக் மேல் ஊற்றலாம். இன்னும் ஆறி இறுகினால் கத்தியால் தடவலாம், பைப்பிங் பையில் போட்டுப் பூ வைக்கலாம். ஃப்ரிட்ஜில் கெட்டியானதை உருட்டினால் ட்ரஃபிள். ஒரே பாத்திரத்தில் இருப்பது நேரம் போகப் போக நான்கு வேலை செய்யும். அதனால் "கனாஷ் சரியாக வரவில்லை" என்று சொல்கிறவர்களிடம் நான் முதலில் கேட்பது, எந்த வேலைக்கு என்றுதான்.

கனாஷ் என்பது பிரெஞ்சுச் சொல். அந்த மொழியில் அதற்கு மடையன் என்றும் பொருள் உண்டு. பாரிஸில் ஒரு கடையில் வேலை பழகிய பையன் சாக்லேட்டில் சூடான கிரீமைக் கொட்டிவிட, முதலாளி திட்டிய வார்த்தையே பெயராக நின்றுவிட்டது என்று ஒரு கதை சொல்வார்கள். நடந்ததோ இல்லையோ, முதல் தடவை செய்யும்போது நமக்கு நாமே சொல்லிக்கொள்ளப் பொருத்தமான சொல்தான்.

ரெசிபியில் இருந்த அளவை அப்படியே போட்டேன். அவர்களுக்குக் கெட்டியாக வருகிறது, எனக்கு ஏன் ரசம் மாதிரி இருக்கிறது?

அளவில் தப்பில்லை. அந்த ரெசிபி வேறு ஊருக்கு எழுதியது. இரண்டு இடத்தில் இடிக்கும்.

முதலாவது கிரீம். வெளிநாட்டு ரெசிபியில் வரும் ஹெவி கிரீமில் கொழுப்பு 35 சதவீதம், சிலவற்றில் அதற்கு மேலும் இருக்கும். நம் கடைகளில் எளிதாகக் கிடைக்கும் அமுல் ஃப்ரெஷ் கிரீமில் 25 சதவீதம். கொழுப்பு குறைந்த இடத்தில் தண்ணீர் இருக்கிறது. 200 மில்லி கிரீம் எடுத்தால், அவர்களுடையதைவிட நம்முடையதில் ஏறக்குறைய 20 மில்லி தண்ணீர் கூடுதல். கனாஷில் நாலு ஸ்பூன் தண்ணீரைச் சேர்த்துக் கலக்கிய மாதிரிதான் அது.

இரண்டாவது, "ரூம் டெம்பரேச்சரில் ஆற விடவும்" என்ற வரி. அவர்கள் சொல்லும் அறை 20, 22 டிகிரி. மே மாதம் என் அடுப்படியில் மத்தியானம் 35-க்குக் குறையாது. சாக்லேட்டில் இருக்கும் கொக்கோ வெண்ணெய் 34 டிகிரியிலேயே உருகிவிடும். கனாஷில் பால் கொழுப்பும் கலந்திருப்பதால் அதற்கு முன்பே இளகும். ஆக, அறையில் வைத்தால் அது ஆறவே ஆறாது. இரவு முழுக்க வெளியே வைத்துவிட்டுக் காலையில் பார்த்தால் அப்படியே தளதளவென்று நிற்கும்.

அதிரசத்துக்குப் பாகு காய்ச்சுகிறவர்கள் எத்தனை நிமிடம் என்று கேட்கமாட்டார்கள், பதம் பார்ப்பார்கள். இதிலும் அப்படித்தான். கிராம் கணக்கு உங்களைப் பாதி தூரம் கொண்டுபோய் விடும். மீதியைச் சூட்டையும் பதத்தையும் பார்த்து நீங்களேதான் முடிக்க வேண்டும்.

சரி, நம் ஊருக்கு அளவு சொல்லுங்கள்.

25 சதவீதக் கிரீமுக்கும் டார்க் சாக்லேட்டுக்கும் நான் வைத்திருக்கும் கணக்கு இது. கேக் முழுக்க ஊற்றி மூட 100 கிராம் சாக்லேட்டுக்கு 100 மில்லி கிரீம். ஓரத்தில் சொட்டு விடும் டிரிப்புக்கு 100-க்கு 75. தடவவும், நடுவில் அடுக்கவும், பைப்பிங் செய்யவும் 100-க்கு 50. ஏப்ரல், மே மாதங்களில் கடைசியில் சொன்னதை மட்டும் 100-க்கு 40 ஆக்கிக்கொள்வேன். கார்த்திகை, மார்கழியில் 60 வரை விடலாம்.

மில்க் சாக்லேட்டில் கொக்கோ குறைவு, சர்க்கரையும் பாலும் அதிகம். இறுகும் சக்தி கம்மி. தடவுகிற பதத்துக்கு 100-க்கு 40. ஒயிட் சாக்லேட்டுக்கு 100-க்கு 33, அதாவது மூன்றுக்கு ஒன்று.

தராசு கட்டாயம் வேண்டும். கப் கணக்கு வேண்டாம். நறுக்கிய சாக்லேட் ஒரு கப்பில் எவ்வளவு அடங்கும் என்பது நீங்கள் எவ்வளவு பொடியாக நறுக்கினீர்கள் என்பதைப் பொறுத்தது.

காம்பவுண்டா, கூவெர்ச்சரா? எதை வாங்குவது?

பாக்கெட்டின் பின்பக்கம் பாருங்கள். கொக்கோ பட்டர் என்று போட்டு, வேறு எண்ணெய் எதுவும் இல்லையென்றால் அது உண்மையான சாக்லேட். அதில் கொக்கோ வெண்ணெய் அதிகமாக இருக்கும் உயர்ந்த வகைதான் கூவெர்ச்சர். ஹைட்ரஜனேட்டட் வெஜிடபிள் ஃபேட் என்று போட்டிருந்தால் காம்பவுண்ட். கொக்கோ வெண்ணெயை எடுத்துவிட்டுப் பெரும்பாலும் பனைவிதைக் கொழுப்பைச் சேர்த்தது. பேக்கரி சாமான் கடையில் 400, 500 கிராம் பாளமாக விற்பதில் பாதிக்கு மேல் இதுதான்.

ருசியில் இரண்டும் ஒன்றல்ல. காம்பவுண்ட் கனாஷைத் தின்று முடித்த பிறகு மேலண்ணத்தில் மெழுகு பூசிய மாதிரி ஒரு படலம் நிற்கும். உண்மையான சாக்லேட் வாய்ச்சூட்டில் கரைந்து போய்விடும். ஆனால் வாய்ச்சூட்டில் கரைகிறது என்றால் மதுரைச் சூட்டிலும் கரையும் என்றுதானே அர்த்தம்! அதுதான் சிக்கல்.

விலை இன்னொரு சிக்கல். உலகின் கொக்கோவில் பாதிக்கு மேல் ஐவரி கோஸ்ட், கானா என்ற இரண்டே நாடுகளிலிருந்து வருகிறது. அங்கே விளைச்சல் விழுந்ததில் 2024-ல் கொக்கோ விலை டன்னுக்கு 10,000 டாலரைத் தாண்டியது. பொள்ளாச்சி, ஆனைமலைப் பக்கம் தென்னந்தோப்புகளில் ஊடுபயிராகக் கொக்கோ போடுகிறார்கள். அந்தக் கொட்டையில் செய்த சாக்லேட்டும் இப்போது கிடைக்கிறது. நன்றாக இருக்கிறது, ஆனால் அதுவும் மலிவில்லை.

நான் செய்வது இதுதான்: கேக்குக்கு நடுவில் வைக்கும் கனாஷ் உண்மையான சாக்லேட்டில். வெளியே பூசுவது, கோடையில், பாதிக்குப் பாதி காம்பவுண்ட் கலந்து. வாடிக்கையாளரிடம் மறைப்பதில்லை, கேட்டால் சொல்லிவிடுவேன். பழகுகிறவர்கள் முதல் நான்கைந்து தடவை காம்பவுண்டிலேயே செய்யுங்கள். கெட்டுப்போனால் வயிறு எரியாது.

ஊட்டியிலிருந்து வாங்கி வந்த ஹோம்மேட் சாக்லேட் அரைக் கிலோ கிடக்கிறது. அதில் செய்யலாமா?

செய்யலாம். முந்திரி, திராட்சை போடாத பிளெயினாக இருக்க வேண்டும். அங்கே விற்பதில் பலவும் காம்பவுண்டை உருக்கி அச்சில் ஊற்றியதுதான், அதனால் காம்பவுண்ட் என்று வைத்துக்கொண்டே செய்யுங்கள். பெட்டிக்கடையில் விற்கும் மில்க் சாக்லேட் பார்களும் கரையும். ஆனால் இனிப்பு திகட்டும், இறுகவும் மாட்டேன் என்கும்.

செய்முறையை முதலிலிருந்து சொல்லுங்கள்.

சாக்லேட்டைப் பொடியாக நறுக்குங்கள், துவரம்பருப்பு அளவுக்கு. இங்கே சோம்பல்பட்டால் பின்னால் கட்டி கட்டியாக நிற்கும். அகலமான எவர்சில்வர் அல்லது கண்ணாடிப் பாத்திரத்தில் போடுங்கள். பாத்திரத்தில் ஒரு பொட்டு ஈரம் இருக்கக் கூடாது.

கிரீம் டப்பாவைக் குலுக்கிவிட்டு அளந்து, அடிகனமான பாத்திரத்தில் சிறு தீயில் வையுங்கள். ஓரத்தில் சின்னக் குமிழிகள் வந்து, ஆவி கிளம்பியதும் இறக்கிவிட வேண்டும். பால் பொங்குவது மாதிரி பொங்க விட்டால் தண்ணீர் வற்றி அளவு மாறிவிடும், கொழுப்பும் பிரியப் பார்க்கும்.

சாக்லேட் மேல் ஊற்றுங்கள். பாத்திரத்தை ஒரு ஆட்டு ஆட்டி, எல்லாச் சாக்லேட்டும் கிரீமுக்குள் மூழ்கியதா என்று பார்த்துவிட்டு மூன்று நிமிடம் கையைக் கட்டிக்கொண்டு நில்லுங்கள். உடனே கிண்டினால் சூடு சீக்கிரம் இறங்கி, சாக்லேட் பாதி கரைந்து பாதி கரையாமல் நிற்கும்.

பிறகு சிலிக்கான் கரண்டியை நடுவில் வைத்துச் சின்னச் சின்ன வட்டமாகக் கிண்டுங்கள். முதலில் அலங்கோலமாகத்தான் இருக்கும். பயப்பட வேண்டாம். நடுவில் பளபளவென்று ஒரு பொட்டு தோன்றும். அந்தப் பொட்டு விரிந்துகொண்டே ஓரம் வரை போகும். விஸ்க் (கம்பி மத்து) வேண்டாம், காற்றுக் குமிழி ஏறும். மூன்றுக்கு ஒன்று மாதிரி கிரீம் குறைவாக உள்ள கனாஷில் கடைசியில் கொஞ்சம் கரையாமல் இருந்தால், கண்ணாடிப் பாத்திரமானால் மைக்ரோவேவில் 10 நொடி வைத்துக் கிண்டுங்கள். எவர்சில்வர் பாத்திரமானாலோ, மைக்ரோவேவ் இல்லையென்றாலோ வெந்நீர்ப் பாத்திரத்தின் மேல் வைக்கலாம். அடிப்பாகம் தண்ணீரைத் தொடக் கூடாது.

கிரீம் கிடைக்கவில்லை. பால் போதுமா? ஆடை சேர்க்கலாமா?

வெறும் பால் போதாது. 150 மில்லி பாலும் 50 கிராம் உப்பில்லாத வெண்ணெயும் சேர்த்தால் 200 மில்லி ஃப்ரெஷ் கிரீமுக்குக் கிட்டத்தட்ட ஈடாகும், கொழுப்பும் கிட்டே வந்துவிடும். பாலைச் சூடாக்கிச் சாக்லேட்டைக் கரைத்துவிட்டு, சற்று ஆறியதும் வெண்ணெயைத் துண்டு துண்டாகச் சேர்த்துக் கிண்டுங்கள். ருசி நன்றாகவே வரும். வெண்ணெய் சேர்ந்ததால் வெளிச்சூட்டில் இன்னும் சீக்கிரம் இளகும் என்பது மட்டும் ஞாபகம் இருக்கட்டும்.

பாலாடை வேண்டாம். எவ்வளவு அடித்தாலும் நூல் நூலாக நிற்கும்.

நான்டெய்ரி விப்பிங் கிரீமில் செய்தால்?

அடிக்காமல், அப்படியே திரவமாகச் சூடாக்கிச் செய்யலாம். பலர் செய்கிறார்கள். அதில் ஏற்கெனவே சர்க்கரை இருக்கிறது, அதனால் கொக்கோ அதிகமுள்ள டார்க் சாக்லேட்டாக எடுங்கள். வெயிலைக் கொஞ்சம் கூடுதலாகத் தாங்கும். ருசி எனக்குப் பிடிக்காது, அது என் சொந்த விஷயம்.

கிண்டும்போதே திரிந்து, மேலே எண்ணெய் மிதக்கிறது. தூக்கிப் போட வேண்டியதுதானா?

வேண்டாம். திருநெல்வேலிச் சொதியில் முதல் தேங்காய்ப் பாலை ஊற்றிக் கொதிக்க விட்டால் என்ன ஆகும்? எண்ணெய் பிரிந்து மேலே வரும். இதுவும் அதே சங்கதிதான். கனாஷ் என்பது தண்ணீருக்குள் கொழுப்பைச் சின்னச் சின்ன முத்தாகப் பிடித்து வைத்திருக்கும் கலவை. கொழுப்பு அதிகமாகித் தண்ணீர் போதாமல் போனாலோ, சூடு அதிகமானாலோ, ரொம்ப வேகமாகக் கிண்டினாலோ அந்தப் பிடி விட்டுப்போகும். இரண்டுக்கு ஒன்று, மூன்றுக்கு ஒன்று விகிதங்களில் இது சகஜம்.

மருந்து: வெதுவெதுப்பான பால். ஒரு டீஸ்பூன் விட்டு நடுவில் மட்டும் கிண்டுங்கள். பளபளப்பு வரவில்லையா, இன்னொரு டீஸ்பூன். மூன்று, நாலு ஸ்பூனுக்குள் பெரும்பாலும் சேர்ந்துவிடும். குளிர்ந்த பால் விட்டால் கொக்கோ வெண்ணெய் அங்கங்கே உறைந்து இன்னும் மோசமாகும். கை பிளெண்டர் இருந்தால் தலை வெளியே தெரியாமல் முக்கி ஐந்து நொடி ஓட்டினாலும் சேரும். மேலே நிற்கும் எண்ணெயை வடித்து மட்டும் எடுக்காதீர்கள். ருசியும் இறுக்கமும் அதில்தான் இருக்கிறது.

எண்ணெய் பிரியவில்லை. ஆனால் மண் மாதிரி இறுகிப்போய்விட்டது.

இது வேறு வியாதி. உருக்கிய சாக்லேட்டில் ஒரு சொட்டு தண்ணீரோ ஆவியோ விழுந்தால் அதிலுள்ள சர்க்கரை ஈரமாகி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். வேடிக்கை என்னவென்றால், கெடுத்தது தண்ணீர்தான், காப்பாற்றுவதும் அதுதான். 100 கிராம் சாக்லேட்டுக்கு இரண்டு மேசைக்கரண்டி சூடான கிரீமோ பாலோ விட்டால் மறுபடி இளகி ஒழுங்காகும். கனாஷுக்குத்தானே, எப்படியும் கிரீம் சேர்க்கப் போகிறோம். அச்சில் ஊற்ற உருக்கிய சாக்லேட்டுக்குத்தான் இது பெரிய இழப்பு.

எப்படி ஆற வைப்பது? ஃப்ரிட்ஜில் வைத்தால் ஓரம் கல்லாகவும் நடுவில் தண்ணீராகவும் இருக்கிறதே.

ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டு மறந்தால் அப்படித்தான் ஆகும். வெளியே வைத்துக் கைச்சூட்டுக்கு இறங்கியதும், அகலத் தட்டில் பரப்பி, கிளிங் ஃபிலிமை (ஒட்டிக்கொள்ளும் மெல்லிய பிளாஸ்டிக் தாள்) கனாஷின் மேலேயே படியும்படி ஒட்டி ஃப்ரிட்ஜில் வையுங்கள். இடைவெளி விட்டு மூடினால் ஆவி தண்ணீராகிச் சொட்டும், மேலே ஏடும் படியும். பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை எடுத்து ஓரத்தை நடுவுக்குத் தள்ளிக் கிண்டுங்கள். மூன்று, நாலு சுற்றில் தடவும் பதம் வந்துவிடும். ஏ.சி. அறை இருந்தால் 24 டிகிரியில் இரண்டு மூன்று மணி நேரம் வைப்பது இதைவிட நல்லது. மெதுவாக இறுகிய கனாஷ் வழவழப்பாக இருக்கும்.

அவசரப்பட்டு ரொம்ப இறுகிவிட்டதா? மைக்ரோவேவில் ஐந்தைந்து நொடி. ஒரேயடியாக அரை நிமிடம் வைத்தால் ஓரம் உருகிப் பிரியும்.

பதம் வந்ததை எப்படிக் கண்டுபிடிப்பது?

ஊற்றுவதற்கு: கரண்டியால் எடுத்து விட்டால் நெய்த்தோசை மாவு மாதிரி நாடாவாக விழுந்து, இரண்டு மூன்று நொடி தடம் நின்று மறைய வேண்டும். தெர்மாமீட்டர் இருந்தால் 32 முதல் 35 டிகிரி. இதற்கு மேல் சூடாக ஊற்றினால் கேக்கின் கிரீம் உருகும், கண்ணாடி மாதிரி மெல்லிசாகப் படிந்து கேக் தெரியும்.

தடவுவதற்கு: வெளியே வைத்த வெண்ணெய், அல்லது நன்றாக அரைத்த மருதாணி. கரண்டியில் எடுத்துக் கவிழ்த்தால் விழக் கூடாது, ஆனால் விரலால் தொட்டால் எளிதாக அழுந்த வேண்டும். பைப்பிங்குக்கு அதைவிட ஒரு நூல் கெட்டி. பையில் போட்ட பிறகு உங்கள் கைச்சூடே அதை இளக்கும். அதனால் ஒரே பையில் நிறைய அடைக்காமல் கொஞ்சம் கொஞ்சமாகப் போடுங்கள்.

டிரிப் ஒன்று தட்டு வரை ஓடுகிறது, இல்லையென்றால் பாதியில் குண்டாக நிற்கிறது.

கேக் குளிர்ந்திருக்க வேண்டும், கனாஷ் வெதுவெதுப்பாக இருக்க வேண்டும். கேக்கைக் குறைந்தது அரை மணி நேரம் ஃப்ரிட்ஜில் வைத்து எடுங்கள். ஒரு எவர்சில்வர் டம்ளரையும் கூடவே வைத்து எடுத்து, கவிழ்த்து, அதன் விளிம்பில் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள். பாதி தூரம் வந்து நின்றால் சரி. தரையைத் தொட்டால் ஐந்து நிமிடம் ஆற விடுங்கள், கிளம்பவே இல்லையென்றால் ஐந்து நொடி சூடாக்குங்கள். கேக்கின் பின்பக்கத்திலிருந்து ஆரம்பியுங்கள். முதல் நாலு சொட்டு கோணலாகத்தான் வரும், எனக்கும்.

கப்கேக்குக்கு எப்படிப் பயன்படுத்துவது?

மூன்று விதம். எனக்குப் பிடித்தது முக்குவது. நன்றாக ஆறிய கப்கேக்கைத் தலைகீழாகப் பிடித்து, ஊற்றும் பதத்தில் உள்ள கனாஷில் மேல்பகுதியை மட்டும் முக்கி, லேசாக ஒரு திருகு திருகி எடுத்து, ஒரு நொடி சொட்ட விட்டு நிமிர்த்துங்கள். பன்னிரண்டு கப்கேக்கும் ஐந்து நிமிட வேலை. பள்ளிக்கூடத்துக்குக் கொடுத்து அனுப்ப இதுதான் உத்தமம், பெட்டி மூடியில் ஒட்டாது.

இரண்டாவது, நட்சத்திர நாசில் போட்டுச் சுழற்றுவது. இதற்கு இரண்டுக்கு ஒன்று கனாஷ். பார்க்க அழகு. ஆனால் ஒரு கப்கேக்குக்கு 30 கிராம் வரை போகும், சின்னப் பிள்ளைகள் பாதியில் வைத்துவிடுவார்கள்.

மூன்றாவது, நடுவைக் குடைந்து உள்ளே கனாஷ் வைப்பது. ஆப்பிள் கோரரோ, பைப்பிங் நாசிலின் அகலமான பின்பக்கமோ போதும். ஒன்றுக்கு ஒன்று கனாஷை வையுங்கள். கெட்டிக் கனாஷை வைத்தால் ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்துக் கடிக்கிறவர்களுக்குக் கல் கடித்த மாதிரி இருக்கும்.

விப்டு கனாஷ் அடித்தேன். மணல் மணலாக ஆகிவிட்டது.

ஒரு நிமிடம் கூடுதலாக அடித்துவிட்டீர்கள். ஒன்றுக்கு ஒன்று கனாஷை நாலு மணி நேரம் குளிர வைத்து, நடுத்தர வேகத்தில் அடித்து, நிறம் ஒரு படி வெளுத்துக் கோடு நிற்கத் தொடங்கியதும் நிறுத்திவிட வேண்டும். கையை எடுத்த பிறகும் அது இறுகிக்கொண்டே இருக்கும். மணலாகிவிட்டால் முழுவதையும் உருக்கி, குளிர வைத்து, மறுபடி அடியுங்கள். வேறு வழியில்லை. கோடையில் வெளியே நிற்கும் கேக்குக்கு இது ஆகாது.

ஒயிட் சாக்லேட் கனாஷ் மட்டும் எனக்கு வரவே மாட்டேன் என்கிறது. கலர் சேர்த்தால் கெட்டுப்போகுமா?

ஒயிட் சாக்லேட்டில் கொக்கோத் தூள் கிடையாது. கொழுப்பு, சர்க்கரை, பால்பவுடர்தான். இறுக்கிப் பிடிக்க ஆள் இல்லை, சூடும் தாங்காது, பால்பவுடர் சீக்கிரம் கருகும். கிரீமை மற்றதைவிடக் குறைந்த சூட்டில் இறக்குங்கள், மூன்று நிமிடத்துக்குப் பதிலாக ஐந்து நிமிடம் விடுங்கள். ஜெல் கலர் சேர்க்கலாம். கனாஷில் ஏற்கெனவே தண்ணீர் இருப்பதால் அது ஒன்றும் செய்யாது. வெறும் ஒயிட் சாக்லேட்டை உருக்கிக் கலர் சேர்ப்பதானால்தான் எண்ணெய்க் கலர் வேண்டும். நிறம் மறுநாள் ஒரு படி கூடும், அதனால் கொஞ்சம் குறைவாகவே சேர்த்துக்கொள்ளுங்கள்.

கடைக் கேக் மாதிரி பளபளப்பு நிற்க என்ன செய்வது?

200 கிராம் சாக்லேட்டுக்கு ஒரு மேசைக்கரண்டி லிக்விட் குளுக்கோஸ் கிரீமோடு சேர்த்துச் சூடாக்குங்கள். தேனும் செய்யும், ஆனால் வாசனை தெரியும். ஊற்றிய பிறகு கத்தியால் தொடாதீர்கள், தொட்ட இடம் மங்கும். ஃப்ரிட்ஜில் வைத்தால் பளபளப்பு ஓரளவு குறையத்தான் செய்யும்.

பால் சேர்க்காதவர்களுக்குத் தேங்காய்ப் பாலில் செய்யலாமா?

அருமையாக வரும். தண்ணீர் மிகக் குறைவாக விட்டுப் பிழிந்த முதல் பால்தான் வேண்டும். டெட்ரா பாக்கெட் பாலும் ஆகும். பால் சேராத டார்க் சாக்லேட்டா என்று பின்பக்கம் பார்த்துக்கொள்ளுங்கள். தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்கு மேல் உறையாது என்பது நமக்குத் தெரிந்ததுதானே. அதனால் இந்தக் கனாஷ் எப்போதும் ஒரு பங்கு இளக்கமாகவே இருக்கும். 100 கிராமுக்கு 40 மில்லிக்கு மேல் விடாதீர்கள். வீட்டில் பிழிந்த பாலில் செய்தால் ஃப்ரிட்ஜில் வைத்து இரண்டு நாளுக்குள் முடித்துவிடுங்கள்.

வெனிலா தவிர வேறு என்ன வாசனை சேர்க்கலாம்?

ஃபில்டர் காபி டிகாஷன். முதல் டிகாஷன், கெட்டியாக. 200 கிராம் சாக்லேட்டுக்கு இரண்டு மேசைக்கரண்டி டிகாஷன் விட்டு, கிரீமில் அந்த அளவைக் குறைத்துவிடுங்கள். காபி ருசி தனியாகத் தெரியாது, சாக்லேட் இன்னும் ஆழமாகத் தெரியும். காம்பவுண்டின் குறையைக்கூட இது ஓரளவு மறைக்கும். ஏலக்காய், சுக்கு, ஆரஞ்சுத் தோல் எல்லாவற்றையும் கிரீமில் போட்டுச் சூடாக்கி, பத்து நிமிடம் மூடி வைத்து, வடிகட்டி, மறுபடி சூடாக்கி ஊற்றுங்கள். ஒரு சிட்டிகை உப்பு எதிலும் தப்பில்லை.

ஒரு கிலோ கேக்குக்கு எவ்வளவு கனாஷ் வேண்டும்?

ஏழு அங்குல வட்டக் கேக், மூன்று அடுக்கு என்றால், உள்ளும் புறமும் பூச 400 கிராம் சாக்லேட், 200 மில்லி கிரீம். மேலே ஊற்ற மட்டும் என்றால் 150-க்கு 150 தாராளம். டிரிப்புக்கு 80 கிராம் போதும். பன்னிரண்டு கப்கேக் முக்க 100-க்கு 100, சுழற்ற 250-க்கு 125.

கனாஷ் கேக்கை எவ்வளவு நேரம் வெளியே வைக்கலாம்? எத்தனை நாள் தாங்கும்?

கனாஷ் மட்டும் ஃப்ரிட்ஜில் ஒரு வாரம், ஃப்ரீசரில் இரண்டு மாதம். குளிர் ஊர்களில் கனாஷ் கேக்கை இரண்டு நாள் மேசை மேல் வைப்பார்கள். நம் சூட்டில் நான் நாலு மணி நேரத்துக்கு மேல் வெளியே வைக்கச் சொல்ல மாட்டேன். அதில் இருப்பது பால்தான். உள்ளே பழமோ விப்பிங் கிரீமோ இருந்தால் அதுவும் இல்லை, இரண்டு மணி நேரம்.

ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்ததும் கேக் வேர்த்துக் கொட்டுகிறது. டெலிவரிக்கு எப்படிக் கொண்டுபோவது?

காற்றிலுள்ள ஈரம் குளிர்ந்த கனாஷில் பட்டுத் தண்ணீராகிறது. கேக்கைப் பெட்டியில் மூடியே ஃப்ரிட்ஜில் வையுங்கள், மூடியபடியே வெளியே எடுங்கள். கேக் வெளிச்சூட்டுக்கு வரும்வரை பெட்டியைத் திறக்காதீர்கள். வேர்வை பெட்டியின் மேல் படியும், கேக்கில் படியாது. வேர்த்துவிட்டால் துடைக்க வேண்டாம், ஃபேன் காற்றில் விட்டால் காய்ந்துவிடும்.

டெலிவரியில் நான் பட்ட பாட்டைச் சொல்கிறேன். ஒரு மே மாதம், மாலை ஐந்து மணி வரவேற்புக்கு இரண்டடுக்குக் கேக். வீட்டில் ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்தபோது செங்கல் மாதிரி இருந்தது. ஏ.சி. காரில்தான் கொண்டுபோனேன். மண்டபத்தில் வைத்த இடம்தான் தப்பு: மேடைக்குப் பக்கத்தில், வீடியோக்காரரின் விளக்குக்கு நேர் எதிரே. அரை மணி நேரத்தில் ஒரு பக்கம் மட்டும் மெல்ல இறங்க ஆரம்பித்தது. மணமகனின் சித்தி வந்து "இது டிசைனா?" என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். அன்றிலிருந்து ஆர்டர் எடுக்கும்போதே, கேக்கை எங்கே வைப்பீர்கள், விளக்கு எந்தப் பக்கம், எத்தனை மணிக்கு வெட்டுவீர்கள் என்று மூன்று கேள்வி கேட்டு எழுதிக்கொள்கிறேன். வெயில் காலத்தில் கேக்கை வெட்டுவதற்கு முக்கால் மணி நேரத்துக்கு முன்னால் கொண்டுபோய் இறக்கினால் போதும். பைக்கில் அனுப்புவதானால் தெர்மக்கோல் பெட்டியில், இரண்டு பக்கமும் ஐஸ் ஜெல் பொட்டலம் வைத்து.

கனாஷில் முட்டை உண்டா?

கிடையாது. மது, ஜெலட்டின் எதுவும் இல்லை. உங்கள் கேக்கில் முட்டை இருக்கிறதா என்பது வேறு கேள்வி.

மிஞ்சிய கனாஷை என்ன செய்வது?

கொஞ்சம் அதிகமாக இருந்தால் எலுமிச்சங்காய் அளவு உருட்டி, கொக்கோத் தூளில் புரட்டி ட்ரஃபிளாக வைத்துவிடுங்கள். உருட்ட வரவில்லையென்றால் சப்பாத்திக்குள் தடவிச் சுருட்டிக் கொடுங்கள். பாத்திரத்தில் ஒட்டியது மட்டும் என்றால் வழித்து எடுக்கச் சிரமப்பட வேண்டாம். அதிலேயே ஒரு டம்ளர் சூடான பாலை ஊற்றிக் கிண்டுங்கள். நல்ல ஹாட் சாக்லேட் கிடைக்கும், பாத்திரமும் பாதி சுத்தமாகிவிடும். எங்கள் வீட்டில் அந்தப் பாலுக்குச் சண்டை நடக்கும். அதனால் இப்போது இரண்டு பாத்திரத்தில் கனாஷ் செய்கிறேன்.